காலனும் களமும்: வெற்றி தோல்வி குறித்த ஒரு திருக்கடவூர்ச் சிந்தனை

குறித்த காலத்துக்குள் தொடங்கிக் குறித்த காலத்துக்குள் முடிந்துவிடும் ஒரு வெற்றிக்கு, அந்தக் காலம் கழிந்த பின்னர் ஏதேனும் பொருள் உண்டா என்பது சமயத் தத்துவத்தின் பழைய கேள்விகளுள் ஒன்று. அரசர்களின் போர்களையும் செல்வத்தின் நிலையாமையையும் முன்வைத்தே இக்கேள்வி பெரிதும் பேசப்பட்டிருப்பினும், விளையாட்டுக் களத்தில்தான் அது முழுக் கூர்மையோடு எழுகிறது. நாட்டை வென்றவனுக்கு நாடாவது எஞ்சுகிறது; பந்தாட்டத்தில் வென்றவர்களுக்கு ஒரு கோப்பையும் ஒரு பெயரும் எஞ்சுகின்றன; அந்தக் கோப்பையும் அடுத்த பருவத்தில், அதாவது அடுத்த ஆண்டின் ஆட்ட மாதங்கள் தொடங்கும்போது, மீண்டும் பொதுவில் வைக்கப்பட்டுவிடுகிறது. கல்லூரி அணிகளுக்கு இந்த நெருக்கடி இன்னும் மிகுதி. ஆட்டக்காரர் மாணவராக இருக்கும் மூன்று நான்கு ஆண்டுகளே அந்த அணியில் அவருக்கு வாய்க்கும் முழு வாழ்வு. அவ்வளவு குறுகிய வாழ்வில் வெல்வதற்காக உடலையும் மனத்தையும் மிச்சமின்றிச் செலவிடுவது அறிவுடைமையா, மயக்கமா என்று ஆராய முற்படுவோருக்குக் காலத்தையே வென்ற இறைவன் உறையும் திருக்கடையூரின் புராணமும், அதன் பின்னணியில் நிற்கும் சைவ சித்தாந்தமும் நல்ல துணையாகின்றன.

திருக்கடவூர் என்று பழைய நூல்கள் வழங்கும் திருக்கடையூர், மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக் கடற்கரைக்குச் செல்லும் வழியில், காவிரிப் படுகையின் நெல்வயல்களுக்கு நடுவே உள்ளது. அமிர்தகடேசுவரரும் அபிராமியம்மையும் எழுந்தருளியுள்ள இத்தலம் அட்ட வீரட்டங்களுள், அதாவது சிவபெருமான் வீரச்செயல் புரிந்ததாகச் சொல்லப்படும் எட்டுத் தலங்களுள் ஒன்று. அவ்வெட்டில் கண்டியூர், பறியலூர், விற்குடி, வழுவூர், குறுக்கை, கடவூர் ஆகிய ஆறும் சோழநாட்டிலேயே அமைந்திருக்கின்றன. மற்ற வீரட்டங்களில் அசுரரோ, தக்கனோ, யானையோ, காமனோ வீழ, இங்கே வீழ்ந்தவன் காலன். ஏனைய பகைவரைக் கருவிகொண்டோ தவத்தாலோ வெல்ல மனிதரும் நினைத்துப் பார்க்கலாம். காலனை வெல்வது மனித எண்ணத்துக்கு அப்பாற்பட்டது என்பதால், எட்டு வீரங்களில் தத்துவச் செறிவு மிக்கது இதுவே எனலாம்.

மார்க்கண்டேயர் வரலாற்றில் பலரும் நினைவில் வைத்திருப்பது அதன் உச்சக் காட்சியை: காலன் சிறுவர் மார்க்கண்டேயர்மீது வீசிய பாசக்கயிறு அவர் தழுவியிருந்த சிவலிங்கத்தின்மீதும் விழுந்ததும், இறைவன் வெளிப்பட்டு இடத்திருவடியால் காலனை உதைத்து வீழ்த்திய காட்சியை. காலசங்காரமூர்த்தியின் செப்புத் திருமேனி அக்கணத்தைத்தான் காட்டுகிறது. எனினும் தத்துவ நோக்கில் பார்த்தால், அக்காட்சிக்கு முன் நிகழ்ந்த ஒன்றும் பின் நிகழ்ந்த ஒன்றும் அதனினும் ஆழமானவை.

முன் நிகழ்ந்தது, மார்க்கண்டேயரின் பெற்றோராகிய மிருகண்டு முனிவரும் அவர் மனைவி மருத்துவதியும் செய்த தேர்வு. அறிவும் குணமும் குறைந்த மகன் நெடுங்காலம் வாழ்வது வேண்டுமா, அவை நிறைந்த மகன் பதினாறு ஆண்டுகள் மட்டும் வாழ்வது வேண்டுமா என்று இறைவன் கேட்டபோது, அவர்கள் இரண்டாவதையே வேண்டினர். வாழ்வின் மதிப்பை அதன் நீளத்தால் அளக்க முடியாது என்ற தீர்ப்பு அத்தேர்வில் அடங்கியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு எளிதாக வந்ததன்று. பதினாறாம் ஆண்டு நெருங்கியபோது பெற்றோர் அழுததையும் புராணம் மறைக்கவில்லை. குறுகிய நிறைவைத் தேர்ந்தவர்கள் அதன் துயரத்தையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருக்கிறது.

பின் நிகழ்ந்தது, காலன் மீண்டும் உயிர்பெற்றது. காலன் வீழ்ந்தபின் உலகில் சாவு நின்றுவிட, பிறந்தவை யாவும் பெருகிப் பெருகித் தன்னால் தாங்க இயலாத பாரமாகிவிட்டன என்று பூமிதேவி முறையிட, இறைவன் காலனை எழுப்பி அவனுடைய தொழிலை அவனிடமே ஒப்படைத்ததாகத் தலபுராண மரபு கூறுகிறது. அறுபதாண்டு நிறைவின் மணிவிழாவுக்காக இத்தலத்துக்கு வருவோரிடம் இப்பகுதி போதிய அளவு எடுத்துச் சொல்லப்படுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது. காலத்தை ஒழித்துவிடுவது இத்தலத்தின் நோக்கம் என்றால் கதை உதையோடு முடிந்திருக்கும். அது அவ்வாறு முடியாமல் காலனுக்குப் பதவியைத் திருப்பித் தருவதிலிருந்து, காலம் ஒழிக்கப்பட வேண்டிய பகையன்று, தன் எல்லையை மறந்து அடியவரைப் பற்ற வந்தபோது மட்டும் தண்டிக்கப்பட்டு, பின்னர் பணிக்குத் திரும்பிய ஏவலாளன் என்பது தெளிவாகிறது.

இப்புராணக் கருத்தைச் சைவ சித்தாந்தம் தத்துவ மொழியில் வகுத்துக் கூறுகிறது. உலகும் உடலும் உருவாகும் அடிப்படைக் கூறுகளை அது முப்பத்தாறு தத்துவங்களாக எண்ணுகிறது. அவற்றுள் காலம், நியதி, கலை, வித்தை, அராகம் என்னும் ஐந்தும் உயிர் அணியும் சட்டைகள் என்ற பொருளில் பஞ்சகஞ்சுகம் எனப்படும். காலம் என்பது சென்றது, நிகழ்வது, வருவது என்று உயிரின் அனுபவத்தை வரையறுப்பது. நியதி என்பது செய்த வினையின் பயன் செய்தவனையே சென்று சேருமாறு நிறுத்துவது. கலை, ஆணவம் என்னும் அறியாமை இருளைச் சிறிதே விலக்கி உயிரின் செயலாற்றலை எழுப்புவது. வித்தை அறிவையும் அராகம் விருப்பத்தையும் தூண்டுவன. இவை ஐந்தும் உயிரைக் கட்டுகின்றன. அதே வேளையில், இவை இல்லையெனில் உயிரால் எதையும் அறியவோ விரும்பவோ செய்யவோ இயலாது.

இந்த ஐந்தையும் மனத்தில் கொண்டு ஓர் ஆட்டக்களத்தைப் பார்த்தால், அங்கே இவையனைத்தும் சுருங்கிய வடிவில் நிற்பது புலப்படும். தொடக்கமும் முடிவும் உள்ள காலம் அங்கே இருக்கிறது. அடித்த கோல் அடித்த அணிக்கே எழுதப்படும் நியதி இருக்கிறது. உடலின் ஆற்றலும், ஆட்ட அறிவும், வெல்ல வேண்டும் என்ற விருப்பமும் இருக்கின்றன. முடிவு ஊதல் இல்லாத ஆட்டம் ஒன்றை எண்ணிப் பார்த்தால், அதில் வெற்றியும் இராது, தோல்வியும் இராது, முயற்சிக்குக் காரணமும் இராது. பூமிதேவியின் முறையீட்டில் உள்ள உண்மை இங்கும் பொருந்துகிறது: எல்லை நீங்கினால் பொருளும் நீங்கும்.

விளையாட்டு என்னும் சொல்லைச் சித்தாந்தம் இறைவனுக்கே உரிமையாக்கியிருக்கிறது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழில்களையும் இறைவன் எதற்காகச் செய்கிறான் என்ற வினாவுக்கு விடைகூறும் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரில், அவற்றை இறைவனின் விளையாட்டு என்று சொல்வதும் பொருந்தும் என ஏற்று, உயிர்களுக்குப் போகமும் வீடும் அளித்து அவற்றின் மலங்களை, அதாவது உயிரைப் பிணிக்கும் அழுக்குகளை, துடைப்பதற்காக என்று சொல்வதும் பொருந்தும் என்று சேர்த்துரைக்கிறார். தனக்கென ஒரு பயனும் வேண்டாதவன் பிறர் பொருட்டு முழு ஈடுபாட்டோடு செய்யும் செயலே விளையாட்டின் உயர்நிலை என்பது அங்கே பெறப்படுகிறது. ஆகவே விளையாட்டு வீண் என்று ஒதுக்கும் துறவு நோக்கு, சித்தாந்தத்தின் முழு ஒப்புதலைப் பெற்றதன்று.

நம் காலத்துக்கு நெருங்கி வந்தால், இதே கருத்தைப் பந்தாட்டத்தின் பெயர் சொல்லியே எடுத்துரைத்தவர் விவேகானந்தர். 1893 செப்டம்பரில் சிகாகோ சமயப் பேரவையில் பேசி உலகறிந்தவராகி, 1897-இன் தொடக்கத்தில் கொழும்பு வழியாகத் தமிழகத்தில் இறங்கிய அவர், காவிரிக் கரையில் கும்பகோணத்திலும் பின்னர் சென்னையிலும் உரைகள் ஆற்றினார். சென்னை உரை ஒன்றில், கீதையைப் படிப்பதைவிடக் கால்பந்தாட்டத்தின் வழியே விண்ணுலகுக்கு அருகில் செல்லலாம் என்ற கருத்தை இளைஞர்முன் வைத்தார். உடல் உரம் பெற்றபின் கீதை இன்னும் நன்றாக விளங்கும் என்பதும் அவர் சேர்த்துச் சொன்னதே. முதற்பகுதியை மட்டும் மேற்கோளாக்கிக் கைதட்டல் பெறுவோர் பலர். அச்சமும் சோர்வும் கொண்டவனால் பற்றின்மையைப் பயில இயலாது, ஆற்றலை முழுதாகச் செலவிடக் கற்றவனே பயனை விடவும் கற்பான் என்பதுதான் அதன் முழுக் கருத்து.

அவருடைய வங்கத்தில் கால்பந்து கல்லூரிகளின் வழியாகவே வேரூன்றியது. 1877-இல் ஹேர் பள்ளி மாணவராக இருந்த நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி தோழர்களைத் திரட்டிப் பந்தாடத் தொடங்க, பிரெசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக் அவர்களுக்கு முறையான ஆட்டத்தைப் பயிற்றினார். சர்வாதிகாரி அமைத்த சங்கம் ஒன்றில், குயவர் குலத்து இளைஞர் ஒருவரைச் சேர்ப்பதற்குச் சிலர் மறுப்புத் தெரிவித்தபோது, அவர் அந்தச் சங்கத்தையே கலைத்துவிட்டு வேறு சங்கம் கண்டார். நியதியைப் பற்றி முன்னர்ச் சொன்னது இங்கே நினைக்கத் தக்கது: பயன் செய்தவனைச் சேர வேண்டுமே அன்றிப் பிறப்பைப் பார்த்துச் சேரக் கூடாது என்பதே களத்தின் அறம், அந்த அறத்தைக் காக்க ஒரு சங்கத்தையே இழக்கத் துணிந்த சர்வாதிகாரியின் செயல் எந்தக் கோப்பையினும் பெரிது.

அந்த மரபின் பயன் 1911 பருவத்தில் கனிந்தது. இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் (ஐ.எஃப்.ஏ.) கேடயப் போட்டியில் கொல்கத்தாவின் மோகன் பகான் அணி, தூய சவேரியார் கல்லூரி, ரேஞ்சர்ஸ், ரைஃபிள் பிரிகேடு, மிடில்செக்ஸ் படைப்பிரிவு ஆகிய அணிகளை வரிசையாக வென்று, சூலை 29 அன்று இறுதியாட்டத்தில் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை எதிர்கொண்டது. அணியில் பலரும் வெறுங்காலோடு ஆடினர். காலணி அணிந்து ஆடிய சுதிர் சட்டர்ஜி கல்லூரி ஆசிரியர், கிறித்தவர். முதலில் பின்தங்கிய அணியைச் சிபதாஸ் பாதுரி ஒரு கோலால் சமநிலைக்குக் கொண்டுவர, ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் அடித்த கோல் 2-1 என வெற்றியைத் தந்தது. அடிமைப்பட்டிருந்த நாட்டுக்கு அந்த வெற்றி தந்த நிமிர்வைச் சொல்லி முடியாது. ஆயினும் மோகன் பகான் அக்கேடயத்தை மறுமுறை வென்றது நாடு விடுதலை பெற்ற 1947-இல்தான். இடைப்பட்ட முப்பத்தாறு ஆண்டுகளில் தோற்ற பருவங்கள் அனைத்தும் வீணா என்று கேட்டால், ஆம் என்று சொல்ல மனம் துணிவதில்லை. அவையும் ஆடப்பட்டன, முழு மனத்தோடு ஆடப்பட்டன.

எல்லையை ஏற்பதும் மறுப்பதும் ஓர் அணியின் வரலாற்றை எவ்வாறு மாற்றும் என்பதை இன்னும் விரிவாகக் காட்டுவது, விவேகானந்தர் பேசிய அதே சிகாகோ நகரில் உருவான ஒரு கல்லூரிக் கூட்டமைப்பின் தொடக்க ஆண்டுகள். அமெரிக்கர் கால்பந்து என்று வழங்குவது, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி எதிரணியை ஊடுருவி ஓடும் வன்மையான ஆட்டம். நாம் அறிந்த உதைபந்தாட்டத்தினின்றும் வேறானது. 1895-இல் பர்டியூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட்டின் அழைப்பின்பேரில் கூடிப் பேசிய கல்வியாளர்கள், 1896-இல் சிகாகோ, இல்லினாய், மிச்சிகன், மின்னசோட்டா, நார்த்வெஸ்டர்ன், பர்டியூ, விஸ்கான்சின் ஆகிய ஏழு பல்கலைக்கழகங்களை ஒரு கூட்டமைப்பாக இணைத்தனர். மேற்குக் கூட்டமைப்பு என்றும் பின்னாளில் பிக் டென் என்றும் பெயர்பெற்ற அவ்வமைப்பின் முதல் அக்கறை, ஆட்டம் ஆசிரியர்களின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், உண்மையாகவே படிக்கும் மாணவரே ஆட வேண்டும் என்பதுதான்.

முதற்பருவமாகிய 1896-இல் விஸ்கான்சின் அணி நார்த்வெஸ்டர்னோடு 6-6 எனச் சமன்செய்தும் கூட்டமைப்பில் எதிர்கொண்ட மற்ற அணிகளை வென்றும் முதலிடம் பெற்றது. அதுவரை ஒன்பது ஆட்டங்களையும் வென்றிருந்த மிச்சிகன், பருவத்தின் கடைசி ஆட்டத்தில், கூரையிட்ட அரங்கில், சிகாகோவிடம் 7-6 என ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. பின்னர் பீல்டிங் யோஸ்ட் என்னும் பயிற்சியாளர் வந்தபின், 1901-இல் மிச்சிகன் எதிரணிகளை ஒரு புள்ளியும் எடுக்கவிடாமல் 550 புள்ளிகள் குவித்து, தொடர்ந்து 56 ஆட்டங்கள் தோல்வியின்றி ஆடியது. காலன் தங்களைத் தீண்டமாட்டான் என்று ஓர் அணி நம்பத்தக்க காலம் அது. 1905 நவம்பர் 30 அன்று சிகாகோ அந்தத் தொடரை 2-0 என்னும் மிகச் சிறிய கணக்கில் முடித்துவைத்தது. தம் அணியின் எல்லைக்கோட்டுக்குப் பின்னால் பந்தோடு வீழ்த்தப்பட்டு அந்த இரு புள்ளிகளை இழந்த மிச்சிகன் வீரர் டென்னிசன் கிளார்க், பழிச்சொல்லுக்கு ஆளாகி, 1932-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஒரு மனிதரின் மனத்தை எவரும் முழுதாக அறிய இயலாது. எனினும், ஒரு கணத்தின் தோல்வியை ஓர் இளைஞரின் பெயரோடு காலமெல்லாம் பிணைத்துவைத்த ஊராரின் செயல், அடியவன் கழுத்தில் பாசம் வீசிய காலனின் அத்துமீறலுக்கு ஒப்பானது என்று சொல்வது மிகையாகாது.

அதே 1905 பருவத்தில் அமெரிக்கா முழுவதும் இந்த ஆட்டத்தில் குறைந்தது பதினெட்டு இளைஞர்கள் உயிரிழந்தனர். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தாரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார்; 1906-இல் விதிகள் மாற்றப்பட்டன. மேற்குக் கூட்டமைப்பு இன்னும் ஒரு படி மேலே சென்று, பருவத்தை ஐந்து ஆட்டங்களாகவும் ஒரு மாணவரின் ஆட்ட வாழ்வை மூன்று ஆண்டுகளாகவும் சுருக்கியது. இந்த எல்லைகளை ஏற்க மனமில்லாத மிச்சிகன் கூட்டமைப்பைவிட்டு விலகி, 1917-இல்தான் திரும்பியது. வெற்றியில் தலைசிறந்து நின்ற அணிக்கே வரம்பை ஏற்பது கடினமாக இருந்தது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. வரம்பில்லாத வெற்றியை விரும்பும் மனமே, சித்தாந்தம் ஆணவம் என்று பெயரிட்டுச் சொல்லும் முதன்மலத்தின் வெளிப்பாடு.

அவ்வாறாயின் வெல்ல விரும்புவதே தவறா? கீதை, வெற்றியையும் தோல்வியையும் ஒன்றாகக் கொண்டு போர்செய் என்று அருச்சுனனைப் பணிக்கிறதே அன்றிப் போரை விடு என்று பணிக்கவில்லை. சித்தாந்தம் இந்நிலையை இருவினையொப்பு என்கிறது. நல்வினைப் பயன் வந்தபோது தருக்காமலும் தீவினைப் பயன் வந்தபோது துவளாமலும் இரண்டையும் ஒப்ப நோக்கும் பக்குவம் அது. அப்பக்குவம் வினை செய்யாதவனுக்கு வாய்க்காது. போட்டியில் இறங்காதவன் தோல்வியைப் பொருட்படுத்தவில்லை என்று சொல்வதில் சிறப்பொன்றுமில்லை. முழு ஆற்றலோடு ஆடித் தோற்றபின் எதிரணியின் கையைப் பற்றிக் குலுக்குகிறவனிடமே இருவினையொப்பின் முதல் நிழல் தெரிகிறது. இவ்வகையில் பந்தாட்டக் களம், கோயிலுக்கு வெளியே அமைந்த ஒரு பயிற்சிக்கூடம் ஆகிறது.

எஞ்சாத ஒன்றுக்காக எல்லாவற்றையும் செலவிடலாமா என்ற ஐயத்துக்குத் திருக்கடவூரே இன்னொரு விடையும் வைத்திருக்கிறது. இத்தலத்து நாயனாராகிய குங்குலியக்கலயர், வறுமையில் மனைவியின் தாலியைக் கொண்டு நெல் வாங்கப் புறப்பட்டவர், வழியில் வணிகன் ஒருவன் கொணர்ந்த குங்குலியத்தை அதற்கு ஈடாகப் பெற்றுக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார் என்று பெரியபுராணம் கூறுகிறது. குங்குலியம் புகையாகி மறைவது. மறுநாளைக்கு அதில் ஒன்றும் மிஞ்சாது. நிலைத்த பொருளைத் தருவதே சிறந்த காணிக்கை என்று கருதும் மனத்துக்கு இச்செயல் விளங்காது. நிகழும் கணத்திலேயே முழுதாகச் செலவாகிவிடும் ஒன்றும் நிறைவான காணிக்கையாகலாம் என்பதை ஏற்றால், மாலை வெயிலில் இளைஞர் ஆடும் ஓர் ஆட்டத்தின் மதிப்பு அதன் பதிவேட்டில் அடங்கியதன்று என்பதும் விளங்கும்.

இன்று இத்தலத்துக்கு வருவோர் பெரும்பாலும் முதியோர். பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபதாண்டுச் சுழற்சி முடிந்து பிறந்த ஆண்டின் பெயரே மீண்டும் வரும்போது சஷ்டியப்தபூர்த்தியும், எழுபதில் பீமரத சாந்தியும், எண்பதைக் கடந்தபின் சதாபிஷேகமும் செய்துகொண்டு, பிள்ளைகள் புடைசூழ அமிர்தகடேசுவரரை வணங்கிச் செல்கின்றனர். நெடிய வாழ்வுக்கு ஆட்டக்களத்திலும் ஒரு சான்று உண்டு. அமெரிக்கக் கூட்டமைப்பின் தொடக்கக் காலத்தில் சிகாகோ அணியைப் பயிற்றிய அமோஸ் அலன்சோ ஸ்டாக் (முன்னர்ச் சொன்ன வங்கப் பேராசிரியர் அல்லர்), சமயப் பணிக்கெனப் படித்து அதைவிட்டுக் களத்தையே தம் திருப்பணியாகக் கொண்டவர். எழுபது வயதில் ஓய்வு தரப்பட்டபோது வேறொரு கல்லூரிக்குச் சென்று மேலும் பதினான்கு ஆண்டுகள் பயிற்றுவித்து, 102-ஆம் வயதில் 1965-இல் மறைந்தார். அவர் வளர்த்த சிகாகோ அணியையோ அப்பல்கலைக்கழகம் 1939-இலேயே கலைத்துவிட்டது. நெடிய வாழ்வும் குறுகிய வாழ்வும் யாருக்கு எவ்வளவு என்பது நம் கையில் இல்லை. ஆனால் பதினேழு முதல் இருபத்தொன்று வரையான ஆண்டுகளை ஒரு பிள்ளை எப்படிக் கழிக்க வேண்டும் என்பதில் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஓரளவு கை உண்டு. தம் அறுபதாண்டு நிறைவுக்கு ஆயுள் வேண்டி இங்கே வரும் பெற்றோரும், மயிலாடுதுறை, பொறையாறு, சிதம்பரம் வட்டாரக் கல்லூரிகளை நடத்துவோரும், தேர்வுப் பயிற்சிக்கு எனப் பிடுங்கப்பட்டுவரும் மாலை நேரத்தையும் திடலையும் மாணவருக்கும் மாணவியருக்கும் திருப்பித் தர வேண்டும். வென்றால் மட்டும் அவர்களைக் கொண்டாடும் வழக்கத்தையும் கைவிட வேண்டும்.